குறுவை எப்படிக் குறவை ஆனது: ஒரு விண்டோஸ் 98 கணினியும் பாமினி ஃபான்ட்டும்

தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பக்கம் ஒரு கிராமம். அங்கே பாசன சங்கத்தின் எழுத்து வேலையெல்லாம் பார்க்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இன்னமும் விண்டோஸ் 98 கணினியில்தான் வேலை செய்கிறார். வேர்டு 97, பாமினி ஃபான்ட், ஊசி மாதிரி ஒன்பது பின் ரிப்பனை அடித்துப் புள்ளி புள்ளியாக எழுதும் 80 காலம் (வரிக்கு 80 எழுத்து) டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், அவ்வளவுதான் சாமான். ஜூன் 12 மேட்டூர் அணை திறப்புக்கு முன்னால், எந்த மடைக்கு எந்தக் கிழமை எவ்வளவு நேரம் தண்ணீர் என்று நீர்முறைப் பதிவேடு ஒன்றை அச்செடுத்து ஊரில் கொடுப்பது அவர் வழக்கம். மேட்டூரில் திறந்தால் ஒழிய வாய்க்காலை நம்பியவர்களுக்கு இங்கே குறுவை நெல் இல்லை, முறை சரியாக எழுதாவிட்டால் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரருக்குத் தண்ணீர் இல்லை. அதனால் அந்தக் காகிதத்துக்கு ஊரில் மதிப்பு அதிகம்.

இந்த முறை அவர் போனில் சொன்ன புகார் ஒரே வரி: "தம்பி, திரையில தமிழ் இருக்கு, பேப்பர்ல இங்கிலீஷ் வருது."

போய்ப் பார்த்தால் அது ஒரு கோளாறு இல்லை, ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று. மூன்றுக்கும் வேர் கிட்டத்தட்ட ஒரே இடத்தில். பழைய ஃபான்ட்களை இன்னும் வைத்திருப்பவர்கள் நம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால் முழுவதையும் எழுதி வைக்கிறேன்.

பிரச்சினைக்குப் போவதற்கு முன்னால், இதை ஏன் லேசரில் எடுத்துவிட்டுப் போகக் கூடாது என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவர் தொடர் காகிதத்தில் கார்பன் வைத்து மூன்று பிரதி எடுக்கிறார். ஒரே அடியில் விழுந்த மூன்று பிரதி என்றால், சங்கத்தில் ஒன்று, தலைமடையில் ஒன்று, கடைமடையில் ஒன்று என்று பிரித்துக் கொடுத்த பிறகு "என் பேப்பர்ல வேற நேரம்ல இருக்கு" என்று யாரும் கிளம்ப முடியாது என்பது அவர் கணக்கு. லேசரும் இன்க்ஜெட்டும் காகிதத்தை அடிப்பதில்லை, அவற்றில் கார்பன் பிரதி வராது. இதற்கு மேல் நான் வாதாடவில்லை.

இப்போது பாமினி. புதிதாக வந்தவர்களுக்கு இது புரிந்தால்தான் மற்றது புரியும். பாமினி மாதிரி பழைய ஃபான்ட்களில், கோப்புக்குள் தமிழே கிடையாது. ஆங்கில விசைகளின் எண்கள்தான் இருக்கும், அந்த எண்களுக்குத் தமிழ் வடிவம் வரைந்து காட்டுவது ஃபான்ட். 'தமிழ்' என்று வர நீங்கள் அடிப்பது சின்ன ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு செமிகோலன். கோப்பில் சேமிப்பாவதும் அதேதான். செமிகோலன்தான் புள்ளி. கமா விசை 'இ'. உண்மையான கமா வேண்டுமென்றால் 'பெரியது' குறியை அடிக்க வேண்டும். சாய்கோடு ஆய்த எழுத்து. பெரிய எழுத்துக்கும் சின்ன எழுத்துக்கும் சம்பந்தமே வேறு: சின்ன ஜே 'த', பெரிய ஜே 'து', சின்ன எஃப் 'க', பெரிய எஃப் 'கு', சின்ன எம் 'அ', பெரிய எம் 'ஆ'. பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறி பழகியவர்களுக்குக் கை தானாகப் போகும்.

இதில் ஒரு சௌகரியமும் இருந்தது. பெரும்பாலான எழுத்துகள் ஆங்கில எழுத்துகள் இருக்கும் கீழ்ப் பாதி எண்களிலேயே இருந்ததால், ஃபிளாப்பி, மின்னஞ்சல் என்று எதில் போட்டாலும் உடையாமல் போய்ச் சேர்ந்தது. ஆனால் வழியில் எந்த நிலையில் ஃபான்ட் கழன்று விழுந்தாலும், அல்லது எந்த மென்பொருள் இதை நிஜ ஆங்கிலம் என்று நம்பினாலும், எழுத்து போச்சு. இந்த வீட்டில் நடந்த மூன்றுக்கும் இதுதான் அடிப்படை: எந்த இடத்தில் எண் வடிவமாக மாறுகிறது, அந்த இடத்துக்கு முன்னாலா பின்னாலா கோளாறு என்று கேட்டுக்கொண்டே போனால் பிடித்துவிடலாம்.

முதலாவது, காகிதத்தில் இங்கிலீஷ். திரையில் சரியாக இருப்பதால் ஃபான்ட் கணினியில் இருக்கிறது. காகிதத்தில் ஜே, கே, பி, ஓ என்று தெளிவாக, அதுவும் பிரிண்டரின் சொந்த எழுத்தில் வருகிறது என்றால், விண்டோஸ் பிரிண்டருக்குப் படம் அனுப்பவில்லை, வெறும் எண்களை அனுப்புகிறது. கன்ட்ரோல் பேனலில் பிரிண்டர் பெயரைப் பார்த்தேன்: ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி. விண்டோஸுக்கும் பிரிண்டருக்கும் நடுவே நிற்கும் இந்த டிரைவர் மென்பொருளின் வேலையே அதுதான். எந்த ஃபான்ட் போட்டாலும் அதைத் தூக்கி எறிந்துவிட்டு எழுத்தின் எண்ணை மட்டும் போர்ட்டுக்கு அனுப்பும். கடைகளில் ஆங்கில பில் அடிக்க அருமையான டிரைவர், படபடவென்று போகும். பாமினிக்கு எமன்.

அது எப்படி வந்தது என்றால், போன வருடம் கணினி கிளம்பவில்லை, பக்கத்தில் ஒருவர் வந்து விண்டோஸை மறுபடி போட்டுக் கொடுத்திருக்கிறார். பிரிண்டரோடு வந்த டிஸ்க் இல்லை. பிரிண்டர் உள்நாட்டுத் தயாரிப்பு, அதன் பெயர் விண்டோஸ் பட்டியலில் இல்லை. அவர் பட்டியலில் எது ஒத்துக்கொண்டதோ அதைப் போட்டு, ஒரு ஆங்கில வரி அச்சாகிறது என்று காட்டிவிட்டுப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, தமிழ் அச்சாகிறதா என்று பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

இதற்கு வழி சுலபம். அந்தக் காலத்து ஒன்பது பின் பிரிண்டர்கள் பெரும்பாலானவை எப்சன் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும். விண்டோஸ் 98 பட்டியலில் எப்சன் எல்எக்ஸ்-800 இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்து அதே எல்பிடி1 போர்ட்டில் வைத்தேன். இப்போது விண்டோஸ் பக்கத்தை முழுவதும் புள்ளிகளாக வரைந்து அனுப்பும், பிரிண்டருக்கு அது தமிழா கோலமா என்று தெரியவே வேண்டாம். மெதுவாக இழுத்து இழுத்து அடித்தது. தமிழ் வந்தது.

ஆசிரியர் காகிதத்தைக் கண்ணாடிக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "புள்ளியெல்லாம் எங்க தம்பி?" என்றார்.

இந்த இரண்டாவது கோளாறுதான் எனக்குப் பிடித்தது, இங்கே கொஞ்சம் நிற்கிறேன். புள்ளி எல்லா வரியிலும் காணாமல் போகவில்லை. ஒரு வரியில் 'வாய்க்கால்' சுத்தமாக இருக்கிறது, அடுத்த வரியில் 'வாயககால', அதற்கடுத்த வரியில் மறுபடி சுத்தம். ஒன்று விட்டு ஒரு வரி. ஃபான்ட் கெட்டிருந்தால் எல்லா வரியிலும் கெட்டிருக்க வேண்டும், ரிப்பன் காய்ந்திருந்தால் எல்லாமே மங்கலாக வர வேண்டும். வரி மாற்றி வரி என்றால் அது கணக்கு, யாரோ எண்ணிக்கொண்டே தப்பு செய்கிறார்கள்.

கணக்கு இதுதான். ஒன்பது பின் ஹெட்டில் பின்களுக்கு நடுவே ஒரு அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு தூரம். படமாக அடிக்கும்போது ஒன்பதில் எட்டுப் பின்தான் வேலை செய்யும், அதாவது ஹெட் ஒரு தடவை குறுக்கே போனால் எட்டுப் புள்ளி உயரப் பட்டை ஒன்று அச்சாகும், பிறகு காகிதம் அவ்வளவு நகரும், அடுத்த பட்டை. ஒரு பின் செத்திருந்தால் ஒவ்வொரு பட்டையிலும் அதே உயரத்தில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு விழும். கோடுகள் எட்டுப் புள்ளிக்கு ஒன்று. அவர் வேர்டில் வரி இடைவெளி வைத்திருந்தது சரியாக 12 பாயின்ட். ஒரு பாயின்ட்டும் அங்குலத்தில் 72-இல் ஒரு பங்குதான், அதாவது 12 புள்ளி. எட்டும் பன்னிரண்டும் 24-இல் சந்திக்கும், 24 என்றால் இரண்டு வரி. ஆக ஒரு வரியில் வெள்ளைக் கோடு எழுத்தின் தலைக்கு மேல், புள்ளி உட்கார்ந்திருக்கும் இடத்தில் விழுகிறது. அடுத்த வரியில் நாலு புள்ளி தள்ளி எழுத்தின் வயிற்றில் விழுகிறது. வயிற்றில் விழுந்ததைக் கண் தானாக நிரப்பிக்கொள்கிறது, யாரும் கவனிப்பதில்லை. தலையில் விழுந்தால் மெய்யெழுத்து உயிர்மெய் ஆகிவிடுகிறது. இந்தச் சின்ன அளவில் மெய்ப்புள்ளி என்பதே ஒரு வரிசைப் புள்ளி உயரம்தானே, பாதி போவதற்கெல்லாம் அங்கே இடமில்லை.

தரத்தை உயர்த்தினால் சரியாகும் என்று நினைக்காதீர்கள். டிரைவரில் அங்குலத்துக்கு 72-க்குப் பதில் 144 வைத்தால், பிரிண்டர் அதே பட்டையைக் காகிதத்தைக் கடுகளவு நகர்த்தி இரண்டு தடவை அடிக்கும். செத்த பின் இரண்டு தடவையும் செத்துத்தான் இருக்கும், வெள்ளைக் கோடு போகாது, அங்கேயே நிற்கும்.

உறுதி செய்ய பிரிண்டரின் சுயசோதனை போதும். லைன் ஃபீடு பொத்தானை அழுத்திக்கொண்டே சுவிட்சைப் போட்டால் கணினியே இல்லாமல் தன் எழுத்துகளை அடித்துக் காட்டும். காட்டியது, எல்லா எழுத்தின் குறுக்கேயும் ஒரே உயரத்தில் முடி மாதிரி ஒரு வெள்ளை. மேலிருந்து மூன்றாவது பின். இத்தனை நாள் ஆங்கிலமாக வந்த காகிதத்திலும் இது இருந்திருக்கிறது, அதைத்தான் யாரும் படிக்கவே இல்லையே.

பின் செத்தால் ஹெட் மாற்றச் சொல்வார்கள். அதற்கு முன் மல்ட்டிமீட்டர் வைத்து அந்தப் பின்னை அசைக்கும் கம்பிச் சுருள் (காயில்) எவ்வளவு ஓம் காட்டுகிறது, பக்கத்துப் பின்களில் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே எல்லாம் ஒன்றாகவே இருந்தது. சுருள் உயிரோடு இருக்கிறது, பின்தான் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏன் என்று ரிப்பனைக் கழற்றியதும் தெரிந்துவிட்டது, ஊதா நிறம். சங்க முத்திரைக்கு வாங்கிய ஸ்டாம்ப் பேடு மையை ரிப்பனில் ஊற்றியிருக்கிறார்கள். சிக்கனம்தான், டெல்டாவில் பல ஆபீசில் நடப்பதுதான். ஆனால் ரிப்பன் மையில் எண்ணெய் இருக்கும், அது எழுத்துக்கு மட்டுமில்லாமல் பின்கள் வழுக்கிப் போய் வருவதற்கும் சேர்த்து. ஸ்டாம்ப் மை காய்ந்தால் பிசின் போலப் பிடித்துக்கொள்ளும்.

ஹெட்டைக் கழற்றி, முனையை மட்டும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைய வைத்துத் துடைத்துத் துடைத்து, ஊதா வருவது நின்றதும் காய வைத்து, புது ரிப்பன் போட்டு மறுபடி சுயசோதனை. வெள்ளைக் கோடு இல்லை. அச்சடித்த சூட்டோடு ஹெட்டைத் தொடாதீர்கள், விரல் பொசுங்கும்.

அளவையும் மாற்றினேன். 12 பாயின்ட்டில் கார்பனின் மூன்றாவது பிரதியில் 'ண'வும் 'ன'வும் ஒன்றாகத் தெரிகின்றன, சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. போல்டு போட்டால் இன்னும் மோசம், சுழிக்குள்ளிருக்கும் வெள்ளையே போய்விடும். 14 பாயின்ட், போல்டு இல்லாமல், உயர்ந்த தரம். ஒரு பக்கம் வர ஒரு டீ குடித்துவிடலாம், ஆனால் படிக்க முடிகிறது.

சரி, இனி படிக்கலாம் என்று அவர் உட்கார்ந்து படித்தபோதுதான் மூன்றாவது வந்தது. பதிவேட்டில் 'குறுவை' இல்லை. எல்லா இடத்திலும் 'குறவை'. பத்தித் தொடக்கத்தில் 'கடைமடை' 'குடைமடை' ஆகியிருக்கிறது, 'தலைமடை' 'துலைமடை', 'சம்பா' 'சும்பா', 'தாளடி' 'தூளடி', 'கொள்ளிடம்' 'கோள்ளிடம்'. 'புழுதி உழவு' எங்கே வந்தாலும் 'புழதி உழவு'. ஆற்றுப் பெயர்களில் குடமுருட்டியும் முடிகொண்டானும் மட்டும் எங்கேயும் கெடவில்லை. தமிழாசிரியர் வீட்டில் இப்படி ஒரு காகிதம்! பேரன் விளையாடியிருப்பான் என்று அவன் மேல் சந்தேகம் போனது, பாவம்.

பேரன் செய்யவில்லை, வேர்டு செய்தது. வேர்டுக்கு இது ஆங்கிலம். அடிக்க அடிக்கத் தானே திருத்தும் ஆட்டோகரெக்டில் வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கு என்று ஒரு டிக் இருக்கிறது. சின்ன எஃப்பில் தொடங்கும் 'கடைமடை'யை அது பெரிய எஃப் ஆக்குகிறது, 'க' 'கு' ஆகிறது. பாமினியில் ஒற்றைக் கொம்பை எழுத்துக்கு முன்னாலேயே அடிக்க வேண்டும், அது சின்ன என். பெரிய என் என்றால் இரட்டைக் கொம்பு. கொள்ளிடம் கோள்ளிடம் ஆனது அப்படித்தான். குடமுருட்டி தப்பித்ததற்குக் காரணம், 'கு' ஏற்கனவே பெரிய எழுத்து, பெரிதாக்க அங்கே ஒன்றும் பாக்கி இல்லை. முடிகொண்டானின் 'மு'வும் அப்படியே.

இன்னொரு டிக், தொடக்கத்தில் இரண்டு பெரிய எழுத்து அடுத்தடுத்து வந்தால் இரண்டாவதைச் சின்னதாக்கு என்பது. 'குறுவை'யில் 'கு'வும் பெரியது, 'று'வும் பெரியது. கை தவறி ஷிஃப்டை விடாமல் பிடித்துவிட்டார் என்று நினைத்து வேர்டு 'று'வை 'ற' ஆக்கிவிடுகிறது. அதனால்தான் இது பத்தித் தொடக்கம் மட்டும் என்றில்லாமல் எல்லா இடத்திலும். 'புழுதி'யும் அதே சாபம்.

முன்பு ஏன் வரவில்லை? முன்பு கும்பகோணத்தில் டிடிபி வேலை பார்த்த அவருடைய பழைய மாணவி ஒருத்தி அந்த டிக்குகளை எல்லாம் எடுத்து வைத்திருந்தாராம். விண்டோஸும் வேர்டும் மறுபடி போட்டதில் எல்லாம் பழையபடி வந்துவிட்டன. டிரைவர் போன அதே நாளில் இதுவும் போயிருக்கிறது. அச்சு ஆங்கிலமாக வந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. ஆட்டோகரெக்டில் அத்தனை டிக்கையும் எடுத்தேன், எழுத்துப் பிழைச் சோதனையையும் நிறுத்தினேன், சிவப்பு நெளிகோடு இல்லாமல் திரையே தெளிந்தது.

ஏற்கனவே கெட்டதைச் சரிசெய்வது தனி வேலை. 'குறவை' மாதிரியானவற்றைத் தேடி மாற்றிவிடலாம், ஆனால் தேடும்போது மேட்ச் கேஸ் டிக் கட்டாயம். அது இல்லாவிட்டால் வேர்டுக்கு 'த'வும் 'து'வும் ஒன்றுதான், 'ற'வும் 'று'வும் ஒன்றுதான், ஊரையே மாற்றிவிடும்.

கூடவே இந்த வேலையும் செய்தோம்: வன்தட்டைக் கழற்றி யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி என் மடிக்கணினியில் முழுப் பிரதி எடுத்து, பழைய பதிவேடுகளை, தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் உள்ள யூனிகோடுக்கு மாற்றினோம். இதை 98-இலேயே செய்வது லேசில்லை. விண்டோஸில் தமிழ் யூனிகோடு லதா ஃபான்ட்டோடு ஒழுங்காக வந்தது விண்டோஸ் 2000-இல். அதற்கு முன் 1999 பிப்ரவரியில் சென்னை தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற தமிழ் எழுத்துக் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன, 2010-இல் தமிழக அரசு யூனிகோடுக்கே வந்தது. ஆனால் டிடிபி கடைகளில் பாமினி அசையவில்லை, இன்றும் கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போனால் பாருங்கள்.

மாற்றும்போது கோப்பை முழுவதுமாக மாற்றி மென்பொருளில் ஒட்டி மாற்றினால் சர்வே எண்கள் காலி. 112, சாய்கோடு, 3, பெரிய பி என்று ஆங்கில ஃபான்ட்டில் இருந்த உட்பிரிவு, மாற்றிக்குள் போய்விட்டு '112ஃ3டீ' என்று வருகிறது. சாய்கோடு ஆய்தம், பெரிய பி 'டீ'. நிலத்துக்கு டீ என்று உட்பிரிவு போட்டால் தாசில்தார் என்ன சொல்வார் என்று ஆசிரியர் ரொம்ப நேரம் சிரித்தார். பாமினி போட்டிருக்கும் பகுதிகளை மட்டும் பிரித்து மாற்ற வேண்டும். லிப்ரே ஆபீசில் கோப்பைத் திறந்தால் எந்தப் பகுதி எந்த ஃபான்ட் என்பது அப்படியே நிற்கிறது, அதை வைத்துப் பிரித்தோம்.

இன்னொரு வம்பு 'ர'. தட்டச்சுப் பொறிக் காலத்திலிருந்தே 'ர்', 'ரி', 'ரீ' மூன்றுக்கும் 'ர'வின் கீழ்ச் சாய்வை விட்டுவிட்டுக் கால் வடிவத்தின் மேல் புள்ளியோ விசிறியோ போடும் பழக்கம். பாமினியும் அப்படியே. நல்ல மாற்றி இதைப் புரிந்துகொண்டு 'ரி' என்று எழுதும். எல்லா மாற்றியும் புரிந்துகொள்வதில்லை, 'ஏரி'க்குப் பதில் 'ஏாி' என்று கால் போட்டு எழுதிவிடுகின்றன. பார்க்க ஒன்று மாதிரியே இருக்கும், தேடினால் கிடைக்காது. மாற்றி முடித்ததும் கால் பக்கத்தில் புள்ளியோ விசிறியோ நிற்கும் இடங்களைத் தேடி 'ர'வாக்கிவிடுங்கள், தமிழில் அப்படி ஒரு சேர்க்கை வரவே வராது என்பதால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம்.

கண்ணை மூடிக்கொண்டு மாற்ற முடியாதவை பத்தித் தொடக்கச் சொற்கள். 'குடைமடை' என்று ஒன்று கிடையாது, அதைத் திருத்திவிடலாம். ஆனால் 'அடி' 'ஆடி' ஆனால்? இரண்டும் நல்ல சொல், இரண்டும் இந்தப் பதிவேட்டில் வரக்கூடியதுதான். அடி அளவாகவும் வருகிறது, 'அடி மடை' என்று மடைப் பெயராகவும் வருகிறது, ஆடி மாதமும் வருகிறது. அதை இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்க வழியில்லை, அவரே உட்கார்ந்து வரிவரியாகப் படித்தார். பெரும்பாலும் பக்கத்து வரியைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

விண்டோஸ் 98 சிடியின் கோப்புகளையும் பாமினியையும் வன்தட்டிலேயே ஒரு ஃபோல்டரில் போட்டு, டிரைவர் பெயர், எடுக்க வேண்டிய டிக்குகள் எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியாயிற்று, அடுத்து யார் வந்து மறுபடி போட்டாலும் பார்த்துப் போடட்டும். பதிவேடு மூன்று பிரதியும் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. ஒரே ஒரு வரி மட்டும் பாக்கி. 'ஆடி முறை' என்று தொடங்குகிறது, அது ஆடி மாத முறையா, அடி மடைக்காரரின் முறையா என்று ஆசிரியருக்கே தெரியவில்லை. அதில் மட்டும் பேனாவால் கேள்விக்குறி போட்டுக் கொடுத்திருக்கிறார், அந்த மடைக்காரர் திருப்பூரிலிருந்து வந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று.